வரவும் செலவும்: ஆங்கில நகர்வு வினைகளும் தமிழ் மாணவரும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இலக்கியக் கொள்கை ஏதாவது பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கைப்பிடி வினைச்சொற்கள்: கம், கோ, பிரிங், டேக், லை, லே, ரைஸ், ரெய்ஸ், ரீச், அரைவ், பேருந்தில் ஏறி இறங்கும் கெட் ஆன், கெட் ஆஃப். ஆறாம் வகுப்பிலேயே படித்து முடித்த சொற்கள். முதுகலை முடித்தவர் எழுதும் வேலை விண்ணப்பத்திலும் இவை இடம் மாறித்தான் நிற்கின்றன.

பொருள் தெரியாததால் இந்தப் பிழைகள் வருவதில்லை. கம் என்றால் வா, கோ என்றால் போ, தெரியாதவர் யார்? எந்த இடத்தில் எதை எடுப்பது என்று முடிவு செய்வதற்குக் கேட்க வேண்டிய கேள்விகளை நாம் சொல்லித் தரவில்லை. அந்தக் கேள்விகள் மூன்று. பேசுகிறவரும் கேட்கிறவரும் எங்கே நிற்கிறார்கள்? வினைக்குச் செயப்படுபொருள் உண்டா? நகர்வின் பாதையை வாக்கியத்தில் எந்தச் சொல் சுமக்கிறது? மூன்றுக்கும் விடை தேடத் தேவையான அறிவு தமிழ் பேசும் பிள்ளையிடம் பள்ளிக்கு வரும்போதே இருக்கிறது. அதை வகுப்புக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

1. யார் நிற்கும் இடம்?

'என்னை நோக்கி வந்தால் கம். என்னை விட்டு விலகினால் கோ.' நம் வகுப்பறைகளில் நிலவும் விதி இது. இது பாதி விதி. பாதி விதி முழுப் பிழையில் கொண்டுபோய் விடும்.

திங்கட்கிழமை ஓர் அலுவலகத்துக்கு நேர்காணலுக்குப் போகும் மாணவி அங்குள்ள அதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதுகிறாள். அலுவலகம் அவளிடமிருந்து தொலைவில் இருக்கிறது. அவள் இருக்கும் இடத்தை விட்டு விலகித்தான் போகிறாள். விதிப்படி எழுதுகிறாள்: 'ஐ வில் கோ டு யுவர் ஆபீஸ் ஆன் மண்டே.' படிக்கும் அதிகாரிக்கு ஏதோ இடறுகிறது. வேண்டியது 'ஐ வில் கம்'. அதே மாணவி அந்த அதிகாரியிடம் தமிழில் தொலைபேசியில் பேசியிருந்தால் 'திங்கட்கிழமை உங்க ஆபீசுக்கு வரேன் சார்' என்றுதான் சொல்லியிருப்பாள். 'போறேன் சார்' என்று வாய் வராது. அவளுடைய தமிழ் அவளைச் சரியான ஆங்கிலத்துக்கே அழைத்துப் போயிருக்கும். வழிமறித்தது நாம் கொடுத்த நோட்ஸ்.

ஆங்கிலத்தின் இந்தச் சின்னச் சொல்லை உட்கார்ந்து ஆராய்ந்தவர் அமெரிக்க மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபில்மோர். 1971இல் கலிஃபோர்னியாவின் சான்ட்டா குரூஸில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளில் கம், கோ இரண்டுக்கும் தனியாக இடம் ஒதுக்கினார். அவர் கண்டதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பேசுகிறவர் இருக்கும் இடத்துக்கு நகர்ந்தாலும் கம். கேட்கிறவர் இருக்கும் இடத்துக்கு நகர்ந்தாலும் கம். இப்போது இருக்கும் இடம் மட்டும் கணக்கில்லை; நகர்வு நடக்கும் நேரத்தில் இருவரில் ஒருவர் அங்கே இருந்தாலும் போதும். 'நாளைக்குக் கடைக்கு வா, நான் அங்கே இருப்பேன்' என்பதைப் போல. இருவரில் ஒருவரின் வீடாக இருந்தால், அந்த நேரத்தில் அவர் அங்கே இல்லாவிட்டாலும் கம் செல்லும்: 'நேத்து உன் வீட்டுக்கு வந்தேன், நீ இல்லை.'

இந்த எடுத்துக்காட்டுகளைத் தமிழிலேயே கொடுத்தேன். எதுவும் உறுத்தவில்லை, இல்லையா? வா என்ற சொல்லும் கம் என்ற சொல்லும் இந்த இடங்களிலெல்லாம் கைகோத்தே நடக்கின்றன.

எல்லா மொழியும் இப்படி இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் ஆங்கிலேயர் 'ஐ ஆம் கமிங்' என்பார். நாம் 'இதோ வரேன்' என்போம். ஸ்பானியர் 'யா வோய்' என்பார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'இதோ போகிறேன்'. ஜப்பானியரும் அந்த இடத்தில் போ என்ற பொருளுள்ள 'இக்கு' என்ற வினையைத்தான் எடுப்பார். அந்த மொழிகளில் 'வா' என்பது பேசுகிறவன் இருக்கும் இடத்துக்கே உரியது. கம் என்ற வினையைச் சரியாகப் பிடிக்க ஒரு ஸ்பானியர் தம் பழக்கத்தை எதிர்த்துப் பயில வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அந்தச் சிரமம் கிடையாது. உலக அளவில் விற்கும் பாடநூல்கள் ஸ்பானியருக்கும் ஜப்பானியருக்கும் சேர்த்து எழுதப்படுபவை. அவற்றின் பயிற்சிகளை அப்படியே இங்கே இறக்கி, இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்துவிடுகிறோம்.

தமிழ்த் துறை நண்பர்களையும் அழைக்கச் சொன்னதற்குக் காரணம் இங்கே வருகிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்ற நான்கை ஒன்றாக வைத்து அடுத்தடுத்த நூற்பாக்களில் பேசுகிறார் தொல்காப்பியர். தருவதும் வருவதும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. மற்ற இரண்டும், அதாவது செல்வதும் கொடுப்பதும், படர்க்கைக்கு உரியவை என்பது அவர் வகுத்த வரம்பு. என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான், அவனிடம் சென்றான். எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். பேசுபவரையும் கேட்பவரையும் ஒரு பக்கம் சேர்த்து, மூன்றாம் ஆளை மறுபக்கம் நிறுத்திய இந்தக் கோடும், கம் என்ற வினைக்கு ஃபில்மோர் போட்ட கோடும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் விழுகின்றன.

'எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது' என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. ஃபில்மோர் ஆராய்ந்தது ஆங்கிலம்; காலம், வீடு, உடன் செல்லுதல் என்று அவர் பிரித்துக் காட்டிய நுட்பங்கள் அந்த நூற்பாக்களில் இல்லை. தரவும் கொடையும் இன்றைய பேச்சுத் தமிழில் பெரும்பாலும் கலந்தும் போய்விட்டன. மலையாளம்தான் அந்த வேறுபாட்டை இன்றும் காத்துவருகிறது. ஆனால் கம், கோ பாடத்தைத் தொடங்கும் ஆசிரியர் இந்த நூற்பாக்களின் பொருளைக் கரும்பலகையில் எழுதினால் போதும். பாதி விதியைச் சொல்ல வேண்டிய தேவை வராது.

ஃபில்மோர் காட்டிய இன்னொரு நுட்பம், தேர்வுத்தாளில் வராவிட்டாலும் செய்தி எழுதுவோருக்கு உதவும். 'நள்ளிரவில் வீட்டுக்கு வந்தார்' என்ற பொருளில் கேம் என்று எழுதினால், நள்ளிரவு என்பது அவர் வந்து சேர்ந்த நேரம். வென்ட் என்று எழுதினால், அது புறப்பட்ட நேரம். கம் சேருமிடத்தைப் பிடித்துக்கொள்கிறது; கோ புறப்படும் இடத்தை. ஒரு விபத்துச் செய்தியிலோ காவல் நிலைய அறிக்கையிலோ இந்த ஒரு சொல் ஒரு மணி நேரத்தை முன்னும் பின்னும் தள்ளிவிடும்.

2. தமிழ் வேறு, ஆங்கிலம் வேறு

ஒத்துப்போகும் இடங்களைப் பார்த்தோம். பிரியும் இடங்கள் சில. அவற்றில்தான் நேரம் செலவிட வேண்டும்.

முதலாவது, விடைபெறுதல். நம் வீடுகளில் போகிறவர் 'போறேன்' என்று சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். 'போயிட்டு வரேன்' என்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் 'போட்டு வாறன்' என்பார்கள். அவசரத்தில் முதல் பாதி உதிர்ந்து 'வரட்டா?', 'அப்ப நான் வரேன்' என்று நிற்கும். இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ஒருவர் 'ஐ வில் கோ அண்ட் கம்' என்கிறார். இன்னொருவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே 'ஓகே, ஐ ஆம் கமிங்' என்கிறார். கேட்கும் வெளிநாட்டு விருந்தினர், எங்கிருந்து வருகிறார், இங்கேதானே நிற்கிறார் என்று விழிப்பார். நைஜீரிய ஆங்கிலத்திலும் 'ஐ ஆம் கமிங்' என்றால் 'இதோ போய்த் திரும்பி வருகிறேன்' என்ற பொருள் உண்டு. ஆள் அதைச் சொல்லிவிட்டு வெளியே போவார். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் பிற நாட்டவரிடம் பேசும்போது 'ஐ ஆம் ஆஃப்', 'சீ யூ லேட்டர்' என்று சொல்லிப் பழக வேண்டும். ஆங்கிலத்தில் போகிறேன் என்பது அபசகுனம் இல்லை என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடலாம்.

இரண்டாவது, போயிருக்கிறேன். 'அப்பா டெல்லி போயிருக்கார்' என்றால் அவர் இப்போது டெல்லியில் இருக்கிறார். 'நான் டெல்லி போயிருக்கேன்' என்றால் என்றோ ஒருநாள் போய்த் திரும்பிவிட்டேன். ஒரே வினைவடிவம், இரண்டு பொருள். தமிழ் இதைச் சூழலிடம் விட்டுவிடுகிறது. ஆங்கிலம் விடுவதில்லை. அங்கேயே இருந்தால் 'ஹேஸ் கான்'. போய்த் திரும்பியிருந்தால் 'ஹேஸ் பீன்'. நேர்காணலில் 'ஐ ஹேவ் கான் டு டெல்லி' என்று சொல்லும் இளைஞர், தாம் இப்போது டெல்லியில் இருப்பதாக எதிரே உட்கார்ந்திருப்பவரிடமே சொல்கிறார். ஒரு வகுப்பு முழுக்க இதற்கே ஒதுக்கலாம்.

மூன்றாவது, பிரிங், டேக். இவை கம், கோ ஆகியவற்றின் நிழல்கள். கம் வரும் இடத்தில் பிரிங். கோ வரும் இடத்தில் டேக். 'வரும்போது புத்தகத்தைக் கொண்டு வா' என்றால் பிரிங். 'போகும்போது குடையை எடுத்துக்கிட்டுப் போ' என்றால் டேக். தமிழில் வாவும் போவும் வினைக்குள் வெளிப்படையாகவே உட்கார்ந்திருக்கின்றன, ஆங்கிலத்தில் ஒளிந்திருக்கின்றன. ஐயம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்து, கடைசி வினை வாவா போவா என்று கேட்டால் விடை கிடைத்துவிடும்.

தடுமாற்றத்துக்குக் காரணம், எடுத்துக்கிட்டு வா என்பதில் முன்னால் நிற்கும் எடு. எடு என்றதும் டேக் நினைவுக்கு வருகிறது. 'டேக் அண்ட் கம்' பிறந்துவிடுகிறது. எடு எத்தனை முறை வந்தாலும் அதைப் பார்க்காதே, கடைசி வினையைப் பார் என்பதுதான் சொல்லித்தர வேண்டிய விதி. போய் எடுத்துக்கிட்டு வா என்ற மூன்று வினைக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் உண்டு: ஃபெட்ச். கூட்டிக்கொண்டு வருவதையும் கொண்டு வருவதையும் நாம் பிரிக்கிறோம். ஆளோ பொருளோ ஆங்கிலத்துக்கு இரண்டும் பிரிங்தான். அயர்லாந்தில், ஆங்கிலம் பேசும் மற்றவர்கள் டேக் சொல்லும் பல இடங்களில் பிரிங் சொல்வார்கள். அமெரிக்காவின் சில பகுதிகளிலும் இந்த வழக்கு உண்டு. ஆகவே ஒரு திரைப்படத்தில் விதி மீறிக் கேட்டால் திகைக்க வேண்டாம். இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்: பிரிங் என்பதன் இறந்தகாலம் பிராட், வாங்கினேன் என்பதற்கு பாட். ஓர் எழுத்தை விழுங்கினால், கொண்டு வந்தவர் காசு கொடுத்து வாங்கியவர் ஆகிவிடுவார்.

3. படுத்ததும் கிடத்தியதும்

லை, லே குழப்பத்துக்குப் பேசுவோரும் கேட்போரும் நிற்கும் இடத்தோடு தொடர்பில்லை. இங்கே கேள்வி வேறு: செயப்படுபொருள் உண்டா?

எக்ஸ்ரே அறைக்குள் போகிறவரிடம் பணியாளர் 'லை டவுன்' என்கிறார். படுங்கள். நோயாளியைப் பிறர் தூக்கிப் படுக்கவைத்தால், 'லே ஹிம் டவுன்'. படு என்பது தன்வினை. கிடத்து என்பது பிறவினை. எழு, எழுப்பு, வீழ், வீழ்த்து, திரும்பு, திருப்பு, ஓடு, ஓட்டு, ஏறு, ஏற்று என்று நூற்றுக்கணக்கான இணைகளைத் தமிழ்ப் பிள்ளை பள்ளிக்கு வருமுன்பே பிழையின்றிப் பேசுகிறது. ஆங்கிலத்தில் எஞ்சியிருப்பவை சில: லை, லே; ரைஸ், ரெய்ஸ்; சிட், செட்; மரம் விழுவதற்கு ஃபால், மரத்தை வெட்டி வீழ்த்துவதற்கு ஃபெல்.

ஏன் இத்தனை குறைவு? ஒரு காலத்தில் ஜெர்மானிய மொழிகளில் இது வளமாக இருந்த முறை. தன்வினையின் இறந்தகாலத்தில் வரும் உயிரொலியை எடுத்து, அதோடு ஒரு விகுதியைச் சேர்த்துப் பிறவினை ஆக்குவார்கள். குடி என்ற ட்ரிங்க் வினைக்குக் குடிக்கவை என்ற பொருளில் பிறந்ததுதான் இன்று 'நனைத்தெடு' என்ற பொருளில் வழங்கும் ட்ரென்ச். நாளடைவில் விகுதி தேய்ந்தது, முறையும் செத்தது. இன்றைய ஆங்கிலத்தில் திரும்பினாலும் திருப்பினாலும் டர்ன், உருண்டாலும் உருட்டினாலும் ரோல், நகர்ந்தாலும் நகர்த்தினாலும் மூவ். ஒரே வினை இரண்டு வேலையும் பார்க்கும் மொழியில், தனித்தனியாக நிற்கும் நாலைந்து இணைகள் பேசுகிறவர்களுக்கே சுமையாகிவிட்டன.

அதற்கு மேல் ஒரு பொறியும் உண்டு. லை என்பதன் இறந்தகாலம் லே. பிறவினையான லே என்பதன் நிகழ்காலமும் லே. இது முற்றிலும் தற்செயல் இல்லை. நான் சற்றுமுன் சொன்ன முறைக்கும் இதில் பங்கு உண்டு. இறந்தகால உயிரொலியிலிருந்துதான் பிறவினையே பிறந்தது. இன்று இரண்டும் ஒரே முகத்தோடு வந்து நிற்கின்றன. 'நேற்று முழுக்கப் படுத்திருந்தேன்' என்பதற்கு லே. 'விரிப்பை விரித்தேன்' என்பதற்கு லெய்ட். மூன்று வடிவங்களையும் வரிசையாகச் சொல்லிப் பழக வேண்டும். லை, லே, லெய்ன். லே, லெய்ட், லெய்ட். பொய் சொல்லும் லை தனி. அது லைட், லைட் என்று ஒழுங்காக நடக்கும்.

இந்தப் பொறியில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் காலங்காலமாக விழுந்துவருகிறார்கள். கவிஞர் பைரன் 1818இல் வெளியான தம் நெடுங்கவிதைப் பகுதி ஒன்றில் லை வர வேண்டிய இடத்தில் லே என்று எழுதிவிட்டார். இலக்கண ஆசிரியர்கள் அதை இன்னும் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கிறார்கள். 1969இல் பாப் டிலன் பாடிய புகழ்பெற்ற பாட்டின் தலைப்பிலேயே இதே மாற்றம் இருக்கிறது. நாய்க்குக் கட்டளையிடும் அமெரிக்கர் பலர் லே டவுன் என்றுதான் சொல்கிறார்கள். பேச்சில் இது பரவிவிட்டது. எழுத்தில், அதிலும் தேர்விலும் விண்ணப்பத்திலும், இன்னும் பிழையாகவே எண்ணப்படுகிறது. 'ஐ வாஸ் லேயிங் இன் த ஹாஸ்பிட்டல்' என்று விடுப்புக் கடிதத்தில் எழுதினால், முட்டையிட்டீர்களா என்று கேட்கும் பழைய ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ரைஸ், ரெய்ஸ் இணைக்குச் சுவையான வரலாறு உண்டு. ரைஸ் பழைய ஆங்கிலச் சொல். அதற்கு ஆங்கிலத்துக்கே சொந்தமான பிறவினை ரியர். குழந்தை வளர்ப்பது, கால்நடை வளர்ப்பது என்ற பொருளில் இன்றும் இருக்கிறது. ரெய்ஸ் இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் மொழியிலிருந்து வந்தது. அங்கும் இங்கும் ஒரே மூலச்சொல்தான். ஒரு கிளையில் சகர ஒலி ரகரமாக மாறிற்று, மறு கிளையில் மாறவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒன்றுவிட்ட சகோதரன் வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டதைப் போல, ரெய்ஸ் ரியரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. மாணவருக்கு வேண்டியது இவ்வளவுதான்: விலை உயர்ந்தால் ரைஸ், விலையை ஒருவர் உயர்த்தினால் ரெய்ஸ். உயர், உயர்த்து. விதி தமிழிலேயே இருக்கிறது.

4. பாதையைச் சுமக்கும் சொல்

இப்போது பேருந்து நிறுத்தத்துக்கு வருவோம். பின்படிக்கட்டில் நடத்துநர் 'இறங்கு, இறங்கு' என்கிறார், விசில் அடிக்கிறார். இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் நம்மில் முக்கால்வாசிப் பேர் 'கெட் டவுன்' என்போம். லண்டன்வாசிக்கு கெட் டவுன் என்றால் மரத்திலிருந்து, ஏணியிலிருந்து, மேசை மேலிருந்து இறங்குவது. பேருந்தை விட்டு இறங்குவது கெட் ஆஃப். கார், டாக்சியை விட்டு இறங்குவது கெட் அவுட்.

இந்திய ஆங்கிலத்தில் கெட் டவுன் வேரூன்றிவிட்டது. சென்னையிலும் கொச்சியிலும் பேசும்போது அதனால் ஒரு குறையும் இல்லை. வெளியே பேசும்போது ஆன், ஆஃப், இன், அவுட் இவற்றில் எது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு எளிய வழி: உள்ளே நிமிர்ந்து நின்று நடக்க முடிகிற ஊர்தி, அதாவது பேருந்து, ரயில், கப்பல், விமானம் என்றால் ஆன், ஆஃப். குனிந்து உள்ளே நுழைந்து உட்கார வேண்டிய கார், டாக்சி, ஆட்டோ என்றால் இன், அவுட். மேலே ஏறி உட்காரும் குதிரை, மிதிவண்டி, பைக் ஆகியவற்றுக்கு மறுபடியும் ஆன், ஆஃப்.

தமிழில் இத்தனைக்கும் ஏறு, இறங்கு இரண்டே போதும். ஏனென்றால் தமிழில் பாதையை வினையே சுமக்கிறது: ஏறு, இறங்கு, நுழை, கட. ஆங்கிலத்தில் அந்தச் சுமையைப் பின்னால் நிற்கும் சிறுசொல் எடுத்துக்கொள்கிறது: அப், டவுன், இன், அவுட், அக்ராஸ். வினை வேறு வேலை பார்க்கிறது. எப்படி நகர்ந்தான் என்ற நடையை அது சொல்கிறது. மொழிகளை இந்த அடிப்படையில் வகைப்படுத்தியவர் லெனார்ட் டால்மி. அவரது விரிவான கட்டுரை 1985இல் வெளிவந்தது. வட கலிஃபோர்னியாவின் பூர்வகுடி மொழியான அட்சுகேவியை ஆராய்ந்தபோது, பாதையும் இல்லாமல் நடையும் இல்லாமல், நகரும் பொருளின் தன்மையை வினைவேரே சொல்வதை அவர் கண்டார். சேறு, சாணம், அழுகிய தக்காளி போன்ற கொழகொழப்பான பொருள் நகர்வதற்கென்றே அதில் ஒரு வேர் இருக்கிறது.

டால்மியின் பகுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குழந்தைகளிடம் போனவர் டான் ஸ்லோபின். மெர்சர் மேயர் 1969இல் வெளியிட்ட சொற்களே இல்லாத ஒரு படக்கதையில், தொலைந்த தவளையைத் தேடிப் போகிறான் ஒரு சிறுவன். மரப்பொந்திலிருந்து ஓர் ஆந்தை வெளிப்படும் படம் ஒன்று அதில் வருகிறது. ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானியம், எபிரேயம், துருக்கி ஆகிய ஐந்து மொழிகளில் குழந்தைகளையும் பெரியவர்களையும் இந்தக் கதையைச் சொல்லவைத்து, ரூத் பெர்மனும் ஸ்லோபினும் 1994இல் ஒரு பெருநூல் வெளியிட்டார்கள். ஆந்தை 'பாப்ட் அவுட்' என்று நடையை வினையில் வைத்துச் சொல்வது ஆங்கிலத்துக்கு இயல்பு. ஸ்பானியத்துக்கு 'வெளியேறியது' என்ற பொருளுள்ள ஒற்றை வினை போதும். படம் ஒன்றே, அதில் எதைக் கவனித்துச் சொல்வது என்பதை மொழி பழக்கிவிடுகிறது.

நமக்கு இதிலிருந்து ஒரு வாய்பாடு கிடைக்கிறது. 'ஆற்றை நீந்திக் கடந்தான்.' தமிழில் நடை எச்சத்தில் இருக்கிறது, பாதை முற்றில் இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது எச்சம் வினையாகும், முற்று சிறுசொல்லாகும்: 'ஹி ஸ்வாம் அக்ராஸ் த ரிவர்.' படியில் ஓடி ஏறினாள் என்றால் 'ரேன் அப்'. பூனை ஊர்ந்து நுழைந்தது என்றால் 'க்ரெப்ட் இன்'. வாய்பாடு தெரியாத மாணவர் 'ஹி க்ராஸ்ட் த ரிவர் பை ஸ்விம்மிங்' என்று எழுதுவார். இலக்கணப் பிழை இல்லை. மதிப்பெண் குறைக்கவும் முடியாது. ஆனால் அந்த நடையில் ஒரு பக்கம் படித்தால் ஆங்கிலம் மூச்சுவாங்கும். கட்டுரைப் பயிற்சியில் இந்த ஒன்றை மட்டும் ஒரு பருவம் முழுவதும் செய்யவைத்தால், பிள்ளைகளின் எழுத்தில் மாற்றம் தெரியும்.

வேற்றுமை உருபுகளும் இந்தக் கணக்கில் வரும். ரீச் என்ற வினைக்குப் பின் டு வராது; அரைவ் என்ற வினைக்குப் பின் அட், இன் வேண்டும். ரீச் என்றால் அடை; சென்னையை அடைந்தேன் என்று இரண்டாம் வேற்றுமை வருவதைப் போல அது செயப்படுபொருளை நேரே பிடித்துக்கொள்ளும். அரைவ் என்றால் வந்து சேர். லத்தீனில் 'கரைக்கு' என்ற பொருளுள்ள சொற்களிலிருந்து ஃபிரெஞ்சு வழியாக வந்த சொல் அது. கப்பல் கரை சேர்வதே அதன் முதற்பொருள். என்டர் என்றால் அறையில் நுழைவது. பின்னால் இன்ட்டு சேர்க்க வேண்டியதில்லை. ரிட்டர்ன் என்பதிலேயே திரும்புதல் இருக்கிறது, பேக் மிகை.

'கோ டு ஹோம்' தவறு, 'கோ ஹோம்' சரி. ஏன் என்று கேட்கும் மாணவரிடம் 'அது விதிவிலக்கு, மனப்பாடம் செய்' என்று சொல்லத் தேவையில்லை. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் வேற்றுமை வடிவமே 'வீட்டை நோக்கி' என்ற திசைப்பொருளைத் தந்தது. அதன் எச்சம் இது. தமிழிலும் 'வீடு திரும்பினான்', 'ஊர் போய்ச் சேர்ந்தான்', 'கரை சேர்ந்தது' என்று குவ்வுருபு இல்லாமல் சொல்கிறோம் அல்லவா? அதைக் காட்டினால் போதும்.

5. நல்லது வரும், கெட்டது போகும்

இடப்பெயர்ச்சியே இல்லாத இடங்களிலும் இந்த வினைகள் வேலை செய்கின்றன. மொழியியலாளர் ஈவ் கிளார்க் 1974இல் எழுதிய ஒரு கட்டுரை இதை ஆராய்கிறது. இயல்பு நிலைக்கு வருவதற்குக் கம், அதிலிருந்து விலகுவதற்குக் கோ என்பது அவர் கண்ட போக்கு. விமானம் 'கேம் டவுன்' என்றால் பத்திரமாக இறங்கியது என்று கொள்ளலாம். 'வென்ட் டவுன்' என்றால் விழுந்துவிட்டது. நினைவிழப்புக்குள் போவதற்கு கோ இன்ட்டு, அதிலிருந்து மீள்வதற்குக் கம் அவுட்.

இங்கும் தமிழ் நெருங்கியே வருகிறது. பால் கெட்டுப் போச்சு, பழம் அழுகிப் போச்சு. ஆங்கிலத்திலும் பால் 'கோஸ் பேட்'. கரண்ட் போச்சு, கரண்ட் வந்தாச்சு. அங்கும் விளக்கு 'கோஸ் அவுட்', 'கம்ஸ் ஆன்'. பிரியும் இடம் ஒன்றே ஒன்று: உடலும் மனமும். நமக்குக் கோபம் வரும், தூக்கம் வரும், பசி வரும். ஆங்கிலத்தில் இவை எதுவும் வருவதில்லை. ஆள்தான் கோபம் அடைகிறார், தூக்கக் கலக்கத்தை உணர்கிறார். அங்கே கம் என்பதை விட்டுவிட்டு கெட், ஃபீல் என்பவற்றை எடுக்க வேண்டும்.

6. ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்

இத்தனையும் சொன்னது, பாடத்திட்டத்தில் இன்னொரு சுமை ஏற்றுவதற்காக இல்லை. இருக்கும் சுமையில் பாதியை இறக்கிவைக்கலாம் என்று சொல்லவே. கம், கோ பற்றிய கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சிகளில் பெரும்பகுதி நம் பிள்ளைகளுக்குத் தேவையற்றது. ரைஸ், ரெய்ஸ் பட்டியலைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். தமிழாசிரியர் தன்வினை, பிறவினை நடத்தும் அதே வாரத்தில் ஆங்கில ஆசிரியர் இதை நடத்தட்டும். அதற்கு அரசாணை எதுவும் வேண்டாம். இரண்டு ஆசிரியர்கள் ஓய்வறையில் பேசிக்கொண்டால் போதும்.

மிஞ்சும் நேரத்தைப் பிரியும் இடங்களுக்குக் கொடுங்கள். போயிருக்கிறேன் என்பதற்கு கானா பீனா. விடைபெறும்போது வரேன் என்பதை என்ன செய்வது. எடுத்துக்கிட்டு வா என்பதில் கடைசி வினையைப் பார்ப்பது. லை என்பதன் இறந்தகாலம். எச்சத்தை வினையாக்கி முற்றைச் சிறுசொல்லாக்குவது. பேருந்துக்கு ஆஃப், காருக்கு அவுட். இந்த ஆறில்தான் தமிழ் பேசுகிறவர் ஆங்கிலத்தில் பெரும்பாலும் சறுக்குகிறார். ஆறையும் ஒரு கல்வியாண்டுக்குள் நிதானமாக முடிக்கலாம்.

மற்ற இடங்களில், தமிழில் வாய்க்கு எது வருகிறதோ அதை நம்பி எழுதச் சொல்லுங்கள். 'உங்க ஆபீசுக்கு வரேன் சார்' என்று இயல்பாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை ஆங்கிலத்தில் கோ என்று எழுதினால், அந்தப் பிழைக்கு நாமும் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.